ஐரின் எழுதியபடி நான் செய்தது

நாகல்நகர், திண்டுக்கல்.
வியாழக்கிழமை.

அன்பும் பாசமும் மிகுந்த மரியசெல்வி அக்காவுக்கும் மதிப்பிற்குரிய ராயப்பராஜ் மச்சானுக்கும், தம்பி மிக்கேல்ராஜ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஆனந்தமேரியும் உன் மகள் ஐரினும் ஆண்டவர் கிருபையால், மாவு மில் தூசியில் தும்மிக்கொண்டு, சுகமாகவே இருக்கிறோம். நிலக்கோட்டைப் பக்கம் மழை உண்டா, மச்சானின் முழங்கால் வலி தேவலையா என்று எழுதவும்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ‘அக்கா, ஐரின்...’ என்று ஆரம்பித்த உடனே நீ “ஐயோ, எம்பிள்ளைக்கு என்னாச்சு” என்று அழத் தொடங்கிவிடுவாய்; உன்னைத் தேற்றி முடிப்பதற்குள் மில்லில் நாலு பேர் மிளகாயோடு வந்து நிற்பார்கள். ஆகவே கடிதம். விஷயம் இதுதான்: ஐரினை என் வீட்டிலிருந்து கல்லூரி ஹாஸ்டலில் சேர்த்துவிட வேண்டும். ஏன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

போன ஆடியில் அவள் கல்லூரியிலிருந்து அழுதுகொண்டு வந்ததும், “படிச்சது போதும், வீட்டுக்கு வந்துரு” என்று நீ சொன்னதும் நினைவிருக்கும். நடந்ததை அன்று உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. அவர்களுடைய இங்கிலீஷ் டீச்சர் தீபா மேடம், சொந்த ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லி, அதைப் பக்கத்தில் இருப்பவரோடு மாற்றிப் படிக்கச் சொல்லியிருக்கிறார். பூவுக்கும் மாவுக்கும் இங்கிலீஷில் ஒரே சத்தமாம், எழுத்துதான் வேறாம். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளை, உங்கள் பூந்தோட்டத்தையும் என் மில்லையும் பற்றி எழுதும்போது இரண்டையும் மாற்றி எழுதிவிட்டாள். அதைப் படித்த முகேஷ்குமார் என்கிற பையன், “ஏலே, இவங்கப்பா தோட்டத்துல மாவு போட்டிருக்காராம்டா, விடியுமுன்ன எந்திரிச்சு மாவு பறிக்கிறாராம். இவங்க மாமா திண்டுக்கல்ல பூ அரைக்கிறாராம்” என்று வகுப்புக்கே கேட்கச் சொல்ல, இன்னொருவன் “அடுத்த வருசம் இடியாப்பம் காய்க்கும்டா” என்றானாம். அன்று மதியம் சாப்பிடக்கூட இல்லை. “மெக்கானிக்கல் எனக்கு வரும் மாமா, இந்த எழுத்துதான் வராது, நான் ஊருக்கே போறேன்” என்று பையைக் கட்டினாள். நானும் பஸ் ஏற்றிவிடத்தான் வண்டியை எடுத்தேன். வாசல்வரை வந்தவள் நின்றாள். “போனா அவன் சிரிச்சது நிசமாயிரும்ல?” என்றாள். பையைத் திரும்ப உள்ளே வைத்தாள். அக்கா, அன்றிலிருந்து என் வீட்டில் நிம்மதி இல்லை.

தீபா மேடம் அவளிடம், தினமும் கண்ணில் படுகிற ஒரு வேலையை எடுத்துக்கொள், அதை எப்படிச் செய்வது என்று இங்கிலீஷில் எழுது, எழுதியதை அந்த வேலை தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் செய்துபார்க்கச் சொல் என்றாராம். தெரியாத ஒருவருக்கு அவள் எங்கே போவாள், நான்தான் இருக்கிறேனே! முதல் நாள் டீ போடும் முறை. “மாமா, எழுதியிருக்கறத மட்டும் செய்யணும். நீங்களா ஒண்ணும் சேத்துச் செய்யக் கூடாது” என்று கட்டளை. பத்தாம் வகுப்பு இங்கிலீஷை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். தண்ணீர் ஊற்று, டீத்தூள் போடு, பால் ஊற்று, கொதிக்க வை, குடி. அவ்வளவுதான் எழுதியிருந்தாள். வடிகட்டு என்று இல்லை, ஆற்று என்று இல்லை. எழுதியபடி செய்தேன். நாக்கு வெந்து, பல்லெல்லாம் டீத்தூளோடு நான் குதிக்கிறேன், உன் மகள் கைதட்டுகிறாள்: “சூப்பர் மாமா! ரெண்டு ஸ்டெப் விட்டுட்டேன்!” ஆனந்தமேரி சர்க்கரை கொண்டுவந்து என் நாக்கில் போட்டாள். மறுநாள் திருத்தி எழுதியதை வைத்து நான் போட்ட டீயை ஆனந்தமேரியே இரண்டாவது தரம் கேட்டு வாங்கிக் குடித்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் என் கையால் அவள் குடித்த முதல் டீ அது.

அத்தோடு விட்டாளா? மில்லுக்குள் வந்தாள். அந்த வாரம் கோதுமை மெஷின் பழுது, எல்லாவற்றையும் மிளகாய் மெஷினிலேயே அரைத்துக்கொண்டிருந்தோம். மிளகாய் அரைத்த பிறகு மெஷினைச் சுத்தம் செய்து, கொஞ்சம் அரிசி ஓட்டி, அப்புறம்தான் கோதுமை போட வேண்டும் என்று இங்கிலீஷில் ஒரு தாளும், அத்தைக்காகத் தமிழில் ஒரு தாளும் எழுதி ஒட்டினாள். நான் அன்று நத்தம் போயிருந்தேன். ஆனந்தமேரி தாளைப் பார்த்து, ஈரத் துணியால் மெஷினை வெளியே பளபளவென்று துடைத்து, ஒரு பிடி அரிசியைப் பேருக்கு ஓட்டிவிட்டு, நம் கோயில் உபதேசியார் அருள்நாதனின் கோதுமையைக் கொட்டிவிட்டாள். மறுநாள் காலையில் உபதேசியார் கையில் சப்பாத்தியோடு வந்தார். கண்ணெல்லாம் சிவப்பு. “மிக்கேலு, இதுக்கு வெஞ்சனமே வேணாம்யா, மாவுலயே எல்லாம் இருக்கு!” சண்டைக்கு வந்த மனுஷரை ஐரின் உட்கார வைத்து, மன்னிப்புக் கேட்டு, “எத்தனாவது வாயில காரம் தெரிஞ்சுச்சு தாத்தா? எல்லாச் சப்பாத்தியுமா, முதல்ல சுட்டது மட்டுமா?” என்று கேட்கக் கேட்க, அவர் கோபத்தை மறந்து பரீட்சை எழுதுவதுபோல யோசித்து யோசித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். போகும்போது, “புள்ள நல்லாக் கேக்குதுப்பா” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். சுத்தம் என்றால் உள்ளேயா வெளியேயா, கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று எழுதாதது தன் பிழை, அத்தையின் பிழை இல்லை என்று ஐரின் சொன்னாள். அதைக் கேட்டு ஆனந்தமேரிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வீட்டில் தன் பிழை இல்லை என்று ஒருவர் சொல்லி அவள் அதுவரை கேட்டதில்லையாம். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

பிறகு கோயம்புத்தூர் கம்பெனியிலிருந்து புது கோதுமை மெஷின் வாங்கினேன் இல்லையா, அது இரண்டே மாதத்தில் சாமி வந்ததுபோல ஆட ஆரம்பித்தது. சத்தத்துக்குப் பயந்து ஆட்கள் வேறு மில்லுக்குப் போகத் தொடங்கினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை அக்கா, அந்த மெஷினை நம்பித்தான் பழையதை எடைக்குப் போட்டிருந்தேன். போன் செய்தால் ‘ஆள் வரும் சார்’ என்பார்கள், வராது. ஐரின் தானே ஒரு மெயில் எழுதினாள். எங்கள் மாமா மிகுந்த மனவேதனையில் இருக்கிறார், மெஷின் இரவும் பகலும் அழுகிறது, மாமாவும் அழுகிறார், தயவுகூர்ந்து இரங்கவும் என்று, படித்தால் கல்லும் கரையும். கம்பெனிக்காரர்கள் நன்றி சொல்லி, புது மாடல் மெஷின்களின் படங்களை அனுப்பிவைத்தார்கள். மெயிலைப் பார்த்த தீபா மேடம், “உங்க மாமா அழுகுறார்னு எழுதினா, மெக்கானிக் எந்த ஸ்பானரை எடுத்துட்டு வருவார் ஐரின்?” என்று மட்டும் கேட்டாராம்.

அன்று சாயங்காலம் ஐரின் வந்து மெஷின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“எப்ப மாமா ஆடுது?”

“எப்பவும் ஆடுது தாயி.”

“எப்பவுமேவா?” என்று வெறுமனே ஓட்டச் சொன்னாள். ஆடவில்லை. கோதுமை போட்டதும் ஆடியது. எனக்கே அது அன்றுதான் தெரியும்.

“சத்தம் எங்கிருந்து வருது?”

“அந்தப் பக்கம்.”

“எந்தப் பக்கம் மாமா? கம்பெனி கோயம்புத்தூர்ல இருக்கு. உங்க ‘அந்தப் பக்கம்’ அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

பின்பக்கம் இடது கால் என்றேன். எழுதப்போனவள், பார்க்காமல் எழுத மாட்டேன் என்று, நான் அடுக்கிவைத்திருந்த சாக்குகளையெல்லாம் இழுத்துப் போட்டுவிட்டு, செல்போன் வெளிச்சத்தில் தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தாள். “மாமா, மத்த மூணு கால்லயும் நட்டு இருக்கு. இதுல இல்ல!” என்று உள்ளிருந்தே கத்தினாள். ஓட ஓடக் கழன்று விழுந்திருக்கிறது. நட்டை எங்கே என்று மில் முழுக்கத் தேடுகிறோம். ஆனந்தமேரி மெதுவாக வந்து, “கூட்டும்போது கெடந்துச்சுங்க. நல்லாக் கனமா இருந்துச்சுன்னு காத்துல பறக்காம ஜெபப் புத்தகத்து மேல வச்சிருக்கேன்” என்றாள். முடுக்கினோம். கோதுமை போட்டோம். அக்கா, மெஷின் பூனைக்குட்டி மாதிரி ஓடியது. நான் மாவுக் கையோடு உன் மகளின் தலையைத் தடவியதில், முடி வெளுத்து அவள் கிழவியாகிவிட்டாள். அவளோ முகம் வாடி, “எழுத ஒண்ணுமே இல்லாமப் போச்சே மாமா” என்கிறாள்! நான் இத்தனை நாளாகக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்ததை, சரியாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்த பிள்ளை ஒரே சாயங்காலத்தில் கண்டுபிடித்துவிட்டாள். அப்புறமும் விடவில்லை, வாரம் ஒருமுறை நட்டை முடுக்கிப் பார்க்க வேண்டும் என்று மெஷினோடு நீங்கள் தரும் புத்தகத்தில் சேருங்கள் என்று கம்பெனிக்கு நாலே வரி எழுதினாள். அடுத்த பதிப்பில் சேர்ப்பதாகப் பதில் வந்தது. ‘டியர் மிஸ்டர் ஐரின்’ என்று ஆரம்பித்திருந்தார்கள்.

தீபா மேடம் அந்த நாலு வரியை வகுப்பில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். விளைவு, அந்த முகேஷ்குமாரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் தங்கள் ரிப்போர்ட்டுகளைத் தூக்கிக்கொண்டு சாயங்காலமானால் மில் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். ஐரின் திருத்துவாள், நான் படித்துப் பார்க்க வேண்டும். எனக்குப் புரியாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். வெல்டிங்கும் பாய்லரும் என் கனவில் வருகின்றன. அவளுடைய லேப்டாப் எழுத்துக்கட்டைகளுக்கு இடையில் கடலை மாவு. மெஷின் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு படிக்கிறாள். இப்படிப்பட்ட பிள்ளையை இந்தத் தூசியில் வைத்திருப்பது பாவம் அக்கா. ஹாஸ்டலில் நல்ல மேஜை, லைப்ரரி, கூடவே இங்கிலீஷ் பேசுகிற பிள்ளைகள். ஆகவே வருகிற ஞாயிறு, பூசை முடிந்ததும் டிரங்குப் பெட்டியோடு நீ வரவேண்டும்.

மச்சானுக்கு என் தோத்திரம். உங்கள் தோட்டத்துக்கும் பிள்ளைகளுக்கும் மாதா துணையிருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி,
மிக்கேல்ராஜ்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் ஐரின் வந்தாள், ஹாஸ்டல் விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், “அங்க எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும் மாமா. நான் தப்பா எழுதினாலும் அவங்களாவே சரி பண்ணிப் புரிஞ்சுக்குவாங்க. நான் எழுதினபடியே செய்யறதுக்கு உங்களை மாதிரி அங்க யாரு இருக்கா?” என்றாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாகப் பாவிக்கவும். பெட்டி வேண்டாம், நீ மட்டும் வந்தால் போதும். இத்தோடு முடிக்கிறேன், குக்கரில் சோறு வைப்பது எப்படி என்று இன்று எழுதியிருக்கிறாள், நான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். ஆனந்தமேரி இப்போதே ஜெபமாலையை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டாள்.