தப்பில்லாத மாதம்

"பயப்படாமல் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு, சொன்னது யார் என்று கண்டுபிடிக்கிற வரைக்கும் சோறு தண்ணி இறங்காமல் தவிக்கிற ஒரு மனித இனம் உண்டு. பாதுகாப்புப் பிரசங்கி என்று அதற்குப் பேர் வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் உண்டு, வங்கியில் உண்டு, பஸ் டிப்போவில்கூட உண்டு. ஆனால் அது கொழுகொழுவென்று வளர்வது ஆஸ்பத்திரியில்தான்.

எங்கள் கிர்கிஸ் மலைப்பக்கத்து மாவட்ட ஆஸ்பத்திரியில் இருப்பது அசல் மாதிரி. பேர் ஷெர்காசி. துணைத் தலைமை டாக்டர். நோயாளி ஒருவரின் நாடியைப் பிடித்து ஆறு வருஷம் ஆகிறது. ஆனால் நோயாளிப் பாதுகாப்பைப் பற்றி வாயைத் திறந்தாரோ, டீ ஆறிப்போகும், தட்டிலிருக்கும் பூர்சோக் பணியாரம் விறைத்துப்போகும், அவசர வார்டிலிருந்து ஓடிவந்த நர்ஸ் கதவோரம் நின்று நின்று கால் மாற்றிக்கொள்வாள், அவர் மட்டும் களைக்க மாட்டார். மாதம் ஒரு முறை 'துடிப்பு' என்ற பேரில் கலர் கலராக ஊழியர் செய்தித்தாள் அச்சடித்து, நடைவழி முழுக்க ஒட்டுவார். எட்டுப் பக்கம். அதில் ஷெர்காசியின் படம் பதினொன்று. சோப்பே இல்லாத கைகழுவும் தொட்டிக்கு மேலே நின்று, "கை கழுவுவது நம் கடமை" என்று சிரிக்கிற படமும் அதில் சேர்த்தி.

அவருக்குப் பிடித்த வாக்கியம் ஒன்று உண்டு. "நாம எல்லாரும் ஒரே கூடாரத்தோட கழிங்க. ஒரு கழி சாய்ஞ்சா இன்னொண்ணு தாங்கணும்." கேட்க நன்றாகத்தான் இருக்கும். கழிகளெல்லாம் நாம் என்றால், அத்தனை கழிகளும் தாங்க, கூடாரத்தின் உச்சியில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும் வளையம் யார் என்று அவர் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. வேலை நன்றாக நடந்தால் அவர் வாயில் "நாம்". கெட்டுப்போனால் "நீ". இவ்வளவுதான் அவருடைய இலக்கணம்.

நோயாளிகளின் கையில் கட்டுகிற பேர்ப்பட்டை அச்சடிக்கத்தான் அந்தக் கலர் இயந்திரத்தையே வாங்கினார்கள். பட்டை அச்சானதா? எங்கே! இருந்த மை பூராவும் 'துடிப்பு' குடித்துவிட்டது. பட்டைக்குப் பதிலாக நாலாம் பக்கத்தில், கட்டம் கட்டி, ஒரு விதி போட்டார்: ஊசி போடுமுன் நோயாளியின் பேரை உரக்கச் சொல்லவும்.

நல்ல விதி. ஆனால் எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனார் பேரை வாயால் சொல்ல மாட்டாள். உங்கள் ஊருக்கும் இது புதுசில்லையே! இங்கே இன்னும் ஒரு படி மேலே: அந்தப் பேர் ஒலிக்கிற சொல்லையே சொல்ல மாட்டாள். பெய்ஷென் என்பது வியாழக்கிழமை பிறந்த பிள்ளைக்கு, எங்கள் மொழியில் அந்தக் கிழமையின் பேரிலிருந்தே எடுத்து வைக்கிற பேர். மாமனார் பேர் பெய்ஷென் ஆகிவிட்டால் மருமகளுக்கு அன்றோடு வாரத்தில் வியாழக்கிழமையே கிடையாது. "வெள்ளிக்கு முந்தின நாள்" என்றுதான் ஆயுசு பூராவும் சொல்வாள். பாதி நர்ஸுகள் யாரோ ஒருவரின் மருமகள்கள். இதை ஷெர்காசி யோசித்தாரா? யோசிக்க அவருக்கு நேரம் ஏது, படத்துக்கு நிற்கவே பொழுது சரியாக இருக்கிறது.

மூத்த நர்ஸ் ஜூராகான் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்காரி. மாமனார் பேர் பெய்ஷென்பெக். ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த சர்க்கரை வியாதிக்காரர் பேர் பெய்ஷெனாலி. ஒரு வியாழன் காலை, தலைநகரிலிருந்து புதிதாக வந்திருந்த ரஷ்ய நர்ஸ் வெரோனிகாவிடம், கைநிறைய வேலையோடு ஜூராகான் சொன்னாள்:

"வெள்ளிக்கு முந்தினவருக்கு இன்சுலின் போட்டுரும்மா."

"யாருக்குக்கா?"

"அதான் சொன்னேனே, வெள்ளிக்கு முந்தினவருக்கு!"

ரஷ்யப் பெண் என்ன கண்டாள்? வெள்ளிக்கு முந்தின நாள் வீட்டுக்குப் போகிறவர் யார் என்று பட்டியலைப் பார்த்தாள். வாசலோரக் கட்டில், கால் எலும்பு முறிந்து வந்த குபாத். போட்டாள். அரை மணியில் அந்த மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறியது. நல்லவேளை, ஜூராகான் கண்ணில் பட்டது. பதறிப்போய் ஓடி, ஜாமை வாயில் ஊட்டி, குளுக்கோஸ் ஏற்றி, ஒரு மணி நேரத்தில் ஆளைத் திருப்பிக் கொண்டுவந்தாள். குபாத் கண்ணைத் திறந்து இன்னும் கொஞ்சம் ஜாம் கேட்டான்.

ஜூராகான் மூடி மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. ஷெர்காசி நடைவழியில் ஒரு தவறுப் பெட்டி மாட்டியிருந்தார்: "பேர் வேண்டாம், தண்டனை இல்லை, தைரியமாக எழுதுங்கள்." நம்பி எழுதினாள், பாவம். நடந்ததை அப்படியே எழுதி, "பேர் சொல்ல முடியாதவங்க எங்க வார்டில் ஏழு பேர் இருக்கோம். கையில் பட்டை கட்டினால் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்" என்று முடித்தாள். கையெழுத்துப் போடவில்லை.

சீட்டைப் பார்த்ததும் ஷெர்காசிக்கு நெஞ்சு பூரித்துப்போனது. இரண்டு வருஷத்தில் பெட்டிக்கு வந்த முதல் சீட்டு! ஊழியர்கள் நம்மை நம்புகிறார்கள் என்று கண்கூடக் கலங்கியது. அந்தப் பூரிப்பு இரண்டாவது வரி வரைக்கும் இருந்தது. 'தப்பு' என்ற சொல் கண்ணில் பட்டதும், இன்னும் இரண்டு மாதத்தில் ஆஸ்பத்திரியைச் சோதிக்க மாகாணக் கமிஷன் வருவது ஞாபகம் வந்தது. பட்டை பற்றிய வரிக்கு அவர் வந்து சேரவே இல்லை. மறுபடி மறுபடி முதல் வரியையே பார்த்தார்: "வெள்ளிக்கு முந்தின நாள் காலையில்..."

சட்டென்று டிரைவரைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, நம்ம நர்ஸுங்கள்ல யாருக்கு பெய்ஷென்னு மாமனாரு?"

"நம்ம ஜூராகான் அக்காவுக்குத்தான் டாக்டர். ஏன், பெரியவரு போயிட்டாரா?"

இரண்டு வருஷமாகப் பட்டைக்கு வழி கண்டுபிடிக்காதவர், இதை அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். இந்த இனத்துக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"உட்காரும்மா ஜூராகான். திட்டவா கூப்பிட்டேன்?" குரலில் தேன் வழிந்தது. "என்கிட்ட வாயால சொல்லியிருந்தா போதாதா? எழுத்துல ஏம்மா கொண்டுவந்தே?"

"நீங்கதானே டாக்டர் எழுதச் சொன்னீங்க?"

"எழுதச் சொன்னேன். இதையா எழுதச் சொன்னேன்?"

"வேற எதை எழுதறது? தப்பு நடந்துச்சு, எழுதினேன். அந்தப் புள்ள மேல குத்தமில்ல. பட்டையை மட்டும் கட்டிட்டீங்கன்னா—"

"பாரு, நாம ஒரே கூடாரம். கமிஷன் போற வரைக்கும் நீ துணி வெளுக்கிற பிரிவைப் பார்த்துக்க."

"ஊசி பிடிச்ச கை டாக்டர் இது. இருபத்திரண்டு வருஷம்."

"அங்கயும் பாதுகாப்பு முக்கியம்தாம்மா" என்றார் ஷெர்காசி. கிண்டல் இல்லை. மனசார நம்பித்தான் சொன்னார். வயிறு எரிவதே அதனால்தான்.

அந்த மாதத் 'துடிப்பு' முதல் பக்கத்தில், "கூட்டுப்பணியால் ஓர் உயிர் மீண்டது!" நடுவில் ஷெர்காசி, பக்கத்தில் ஜாம் புட்டியோடு குபாத். உயிரை மீட்டவள் கீழ்த்தளத்தில் படுக்கைவிரிப்பு எண்ணிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் பெட்டி காலி. அதற்கு அடுத்த மாதமும் காலி. "தவறுகள்: பூஜ்யம்" என்று கொட்டை எழுத்தில் போட்டார். கமிஷன்காரர்கள் கைதட்டி, அவருக்குச் சரிகை வைத்த அங்கியும் வெள்ளைத் தொப்பியும் போட்டுக் கௌரவித்தார்கள். அதே மாதத்தில் மூன்று பேருக்கு மாத்திரை மாறிப்போனது சமையல்காரி வரைக்கும் தெரியும். வெரோனிகாவுக்கும் தெரியும். அவள் இப்போது எங்கள் வழக்கத்தை நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டாள்: எந்தப் பேரையும் சொல்வதில்லை.

இந்தக் கதை ஷெர்காசியின் கைக்குப் போனால் அவர் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: "இதையெல்லாம் வெளியில சொன்னது யாரு?" அதை விடுங்கள். நீங்கள் என்ன கேட்டீர்கள்? படிக்கும்போதே உங்கள் ஆபீஸ் ஆள் ஒருவரை நினைத்து, "அவரைத்தான் சொல்கிறான், எவன் போட்டுக் கொடுத்தான்?" என்று உள்ளுக்குள் சிரித்தீர்களா, இல்லையா? அந்த வார்டில் பட்டை வந்ததா என்று உங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை, பாருங்கள்.

வரவில்லை.