நயினாரைப் பட்டினி போட்ட கணக்கு வாத்தியார்

நன்றாக நடந்துகொண்டிருந்த ஒரு கடன் சங்கத்தை ஒரே நாளில் கவிழ்க்கப் பார்த்தவன் நான். திருடவில்லை, கையாடவில்லை. அதன் ஆண்டறிக்கையைப் படித்தேன், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் கடைசி. ஊர் ஊராக நிதி நிறுவனங்கள் இழுத்து மூடிக்கொண்டிருந்த நேரம். ஆரணியில் எங்கள் தெரு நெசவாளர்கள் கூலியில் மிச்சம் பிடித்ததையெல்லாம் அந்தச் சங்கத்தில்தான் போட்டிருந்தார்கள். நானும் உறுப்பினர், பள்ளியில் கணக்கு வாத்தியார். (முதுகலைப் பட்டம் வேறு. அதைச் சொல்லாமல் யாருக்கும் வணக்கம்கூடச் சொன்னதில்லை.)

அறிக்கையில், சங்கம் கொடுக்க வேண்டியவற்றின் வரிசையில், காப்பு நிதி என்று ஒரு பெரிய தொகை இருந்தது. இவ்வளவு கடனா என்று திடுக்கிட்டேன். உண்மையில், ஆபத்துக்கு உதவ ஆண்டுதோறும் லாபத்தில் எடுத்து வைக்கும் பணம் அது. உறுப்பினர்களுக்குச் சேர வேண்டிய சொத்து என்பதால் அதைக் கொடுக்க வேண்டிய பக்கம் எழுதுவார்கள். யாரையாவது கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கணக்கு வாத்தியார் போய்க் கணக்கில் சந்தேகம் கேட்பதா?

சங்கம் கடனில் மூழ்கிவிட்டது என்று டீக்கடையில் சொன்னேன். தறிக்காரர் முருகேசன் முகம் வெளுத்துவிட்டது.

"பொண்ணு கல்யாணத்துக்கு வெச்சிகினு கீற துட்டு சார் அது."

"ஜல்தியா எடுத்துடு," என்றேன்.

மறுநாள் காலை சங்க வாசலிலிருந்து தெருக்கோடி வரை வரிசை. செயலாளர் நயினார், பக்கத்துக் கிராமத்துச் சமணர், பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்.

"இன்னா நயினாரே, துட்டு கீதா, காலியா?" என்றார் முன்னால் நின்றவர்.

"எல்லாருக்கும் இருக்குங்க. காப்பு நிதியை மாவட்ட வங்கியில போட்டு வெச்சிருக்கோம். ஆள் அனுப்பியிருக்கேன். பொறுமையா நில்லுங்க."

மதியம் ஜீப்பில் பணம் வந்தது. நான் கடன் என்று ஊரெல்லாம் சொன்ன அதே பணம். என் முறை வந்தபோது (ஆமாம், நானும் வரிசையில்தான் நின்றேன்) நயினார் நோட்டை எண்ணிக்கொண்டே சொன்னார்:

"எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்தீங்க சார். எதுக்கு இருக்குன்னு கேட்டிருக்கலாமே."

பின்னால் நின்ற முருகேசன் அதைக் கேட்டுவிட்டார். "அப்ப துட்டு பத்திரமாத்தான் கீது. எனக்கு வாணாம், நீயே வெச்சிக்க நயினாரே." பாதி வரிசை அவரோடு கலைந்தது. மீதிப் பேருக்கு நயினார் நாற்காலியை விட்டு எழாமல் கொடுத்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நான் மலைத்துப்போய் நின்றேன்.

கடைசி ஆள் போனபோது இருட்டியிருந்தது. மேசையடியில் அவருடைய சாப்பாட்டு அடுக்கு திறக்கப்படாமல் கிடந்தது. நான் ஓடிப்போய் இட்லி வாங்கி வந்தேன்.

"பொழுது போயிடுச்சுங்க சார். இதுக்கு மேல சமணருங்க நாங்க சாப்பிடறதில்ல," என்றார், பஸ்ஸைத் தவறவிட்டவர் போலச் சாதாரணமாக.

சங்கத்தின் அடுத்த பேரவைக் கூட்டத்தில் எழுந்து, புரளி கிளப்பியவன் நான்தான் என்றேன். "ஊருக்கே தெரியும், உக்காரு சார்," என்றார் முருகேசன். மனம் ஆறவில்லை. இனி நானும் பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை என்று நயினாரிடம் போய்ச் சொன்னேன்.

"அதனால சங்கத்துக்கு என்னங்க லாபம்? எடுத்த பணத்தைத் திருப்பிப் போடுங்க."

அன்றே போட்டேன். விரதத்தையும் விடவில்லை. முருகேசன் மகள் கல்யாண வரவேற்பில், மாப்பிள்ளை வருவதற்கு முன்பே, பொழுது சாய்வதற்குள், காலிப் பந்தியில் நயினாரும் நானும் மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் ராத்திரி சாப்பிடாததற்குப் புது உறவினர் யாராவது காரணம் கேட்டால் என் மனைவி இன்றும் சொல்வாள்: "சங்கத்த மூடப் போனாரு. பாதி சமணரா வந்துட்டாரு."