உயில் அண்ணன் எழுதாத உயில்

சிங்கப்பூரில் உயில் அண்ணன் அளவுக்கு உயில் எழுதியவர் யாரும் கிடையாது. பெரிய பணக்காரர்கள்கூட ஒன்று எழுதுவார்கள், மிஞ்சினால் இரண்டு. அண்ணன் தீபாவளிக்கு ஒன்று, தைப்பூசத்துக்கு ஒன்று, உடம்பு லேசாகச் சுட்டால் நடுவில் ஒன்று என்று எழுதிக்கொண்டே இருந்தார். இத்தனைக்கும் அவருடைய சொத்து, தெம்பனிஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒரு வீடும் அதனுள் ஒரு ரைஸ் குக்கரும்தான்.

செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஆகவில்லை. பெற்றோரும் காலமாகிவிட்டார்கள். இருந்தது ஒரே தம்பி. அவரோடு பேச்சுவார்த்தை இல்லை. "அம்மா கருமாதியன்னைக்கு பார்க்கிங் கூப்பன் முடியப்போவுதுன்னு பாதியில எழுந்து போனவன்லா அவன்" என்பது அண்ணன் தரப்பு.

உயில் இல்லாமல் அண்ணன் கண்ணை மூடினால் சட்டப்படி வீடு அந்தத் தம்பிக்குத்தான். வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்த மேரி அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பவேண்டியதுதான். மேரி அக்கா கணவரை இழந்தவர், போக்கிடம் இல்லாதவர். அண்ணனுக்கு டெங்கு வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்து, உப்பில்லை என்று திட்டும் வாங்கியவர். வீடு அவருக்கே போகவேண்டும் என்பதில் அண்ணன் உறுதியாக இருந்தார். லாயருக்குக் காசு தருவதில்லை என்பதில் அதைவிட உறுதி.

என் நண்பன் சேகர் லாயர். தேக்கா கடைத்தெருவில் அவனுக்கு தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்து அண்ணனின் உயில்களைக் காட்டுவேன். முதல் உயிலின் அடியில் 'சாட்சி: முருகப்பெருமான்' என்று இருந்தது.

"ரெண்டு சாட்சி வேணும். ஆளா வரணும்" என்றான் சேகர்.

"முருகனையே நம்பாத கோர்ட்டா?" என்று அண்ணன் கொதித்தார்.

அடுத்ததில் மனிதர்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒருவர் மீன் கடைக்காரர், இன்னொருவர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவர். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கூட இருந்து, அவர் சைன் பண்றதைப் பார்க்கணும்டா" என்றான் சேகர், தலையில் கைவைத்து.

அதற்கடுத்த உயிலை அண்ணன் விழாவாகவே நடத்தினார். வெள்ளைச் சட்டை, கேசரி. "யாருக்கு மரியாதையோ அவங்க கையெழுத்துதான் மொதல்ல" என்று பேனாவை மேரி அக்காவிடம் நீட்டினார். அக்கா சிலுவை போட்டுக்கொண்டு சாட்சிக் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். கேசரி பிரமாதம்.

சேகர் படித்துவிட்டு டீயைத் தள்ளி வைத்தான். "உயில் பக்கா. ஆனா சாட்சி போட்டவங்களுக்கு எழுதினது செல்லாது. வீடு தம்பிக்குத்தான் போவும். வேற ரெண்டு பேரை வெச்சு மாத்தி எழுதச் சொல்லு."

அண்ணன் மறுத்துவிட்டார். "கொடுக்கறது அவங்களுக்கு. அவங்கள வெளியே நிக்கவெச்சிட்டு எவனோ ரெண்டு பேரு கையெழுத்துப் போடறதா? மரியாதையா தம்பி அது?" எனக்குக் கெட்ட கோபம் வந்தது. கத்திப் பார்த்தேன். மனிதர் மசியவில்லை.

அந்த மாதமே நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். மேரி அக்கா யாரிடமும் சொல்லாமல் துணிமணிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கத் தொடங்கியதைப் பார்த்தேன். பொறுக்கமுடியாமல் சேகரைக் கட்டிலருகே இழுத்துப் போனேன். அங்கே அக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"சார், வாங்கறவங்களும் கையெழுத்துப் போடற மாதிரி ஒரு பேப்பர்கூட உங்க சட்டத்துல இல்லையா?" என்று அண்ணன் கேட்டார்.

சேகருக்கு எரிச்சல். "ஒண்ணே ஒண்ணு இருக்கு. கல்யாணப் பத்திரம்."

அண்ணன் யோசித்தார். "அப்போ வீடு?"

"உங்களுக்குப் பிள்ளை இல்ல, அப்பா அம்மா இல்ல. உயிலே இல்லாட்டியும் எல்லாம் மனைவிக்குத்தான். ஆனா கல்யாணம் பண்ணா பழைய உயில் எதுவும் செல்லாது."

"எதுவுமேவா?" அண்ணன் குரலில் உண்மையான வருத்தம். பிறகு திரும்பினார். "என்ன மேரி, கையெழுத்துப் போடறீங்களா?"

அக்கா ஒரு சுளையை அவர் கையில் வைத்தார். "இதைக் கேக்கத்தான் இத்தனை பேப்பரா?"

அண்ணன் தேறி வீடு திரும்பியதும் நடந்த பதிவுத் திருமணத்துக்கு நானும் சேகரும் சாட்சி. பேனாவைத் தொடுமுன் அண்ணன் எங்கள் பக்கம் திரும்பி, "ரெண்டு பேரும் பார்க்கறீங்கல்ல?" என்று உறுதி செய்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் உயில் எழுதவே இல்லை.

போன வருடம் தூக்கத்திலேயே போய்விட்டார். இறுதிச் சடங்குக்கு வந்த தம்பி முதலில் கேட்டது, "உயில் இருக்கா?" இல்லை என்றேன். அவர் முகம் மலர்ந்தது. சேகர் விளக்கினான். தம்பி பார்க்கிங்கைப் பார்க்கப் போனார்.

மேரி அக்கா அதே வீட்டில்தான் இருக்கிறார். அந்தக் கதவைக் கடக்கும்போதெல்லாம் என் நடை தானாகத் தளர்கிறது. "தம்பி, ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ லா" என்று அண்ணன் இன்னொரு தடவை கூப்பிட்டால், என்ன ஏது என்று படிக்காமலே போட்டுவிடுவேன்.