உள்தாழ்ப்பாள்

"இந்த அறைக்கு எதுக்குய்யா சன்னல்?"

கொல்லையில் எழும்பி நின்ற புதுச் சுவரையும் அதில் விட்டிருந்த ஓட்டையையும் சிவசாமி மாறி மாறிப் பார்த்தார்.

பெரியண்ணன் கொத்தனார் கரணையைத் துடைத்தார். "காத்து வேணாமுங்களா?"

பித்தளை அண்டாவுக்கு மூச்சு முட்டுமா என்று வாய்வரை வந்ததைச் சிவசாமி விழுங்கிக்கொண்டார்.

விவரத்தை அவர் ஆலங்குடியில் யாரிடமும் சொல்லவில்லை. மகள் அமராவதி கல்யாணமாகி ரங்கூனுக்குக் கப்பலேறியபோது கட்டில், அண்டா, குத்துவிளக்கு என்று சீர்ச் சாமான் அத்தனையும் இங்கேயே தங்கிவிட்டது. ரங்கூனில் குண்டு விழுந்ததில் மாப்பிள்ளை போய்விட்டார். காடும் மலையுமாக நடந்து தப்பிவந்த கூட்டத்தோடு அவளும் வந்து, இப்போது வீட்டுக்கு வருகிறாள். வெறுங்கழுத்தோடு வருகிற பிள்ளையின் கண்ணில் நடுவீட்டில் அந்தக் கட்டிலா பட வேண்டும்? விற்கவும் மனம் வரவில்லை. கொல்லையில் ஓர் அறை கட்டி மறைத்துவிடலாம் என்று முடிவு செய்தார். காரணத்தை வெளியே சொல்ல வாய் வரவில்லை. அதனால் வேலையாட்களிடம், "மக வருது, அதுக்குள்ள முடிச்சிரணும்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

ஆள் தேடியதில் மட்டும் குறையில்லை. எந்த வேலைக்காரரானாலும் அவர் குடியிருக்கும் வீட்டைச் சிவசாமி முதலில் போய்ப் பார்த்துவிடுவார். திருக்கோகர்ணத்தில் பெரியண்ணன் வீட்டுச் சுவரில் ஒரு கீறல் கிடையாது. அப்படிப்பட்டவர்தான் இங்கே ஓட்டை விட்டிருந்தார்.

"நீங்க கெளம்புங்க. மிச்சத்த நான் பார்த்துக்கிறேன்," என்று கொத்தனாரை அனுப்பிவைத்தார் சிவசாமி.

"கட்டுறவுகளையெல்லாம் வெரட்டிட்டு நீங்களே கரணையப் புடிங்க," என்றாள் மனைவி செங்கமலம்.

சன்னலை அடைக்கத் தச்சர் சூசைராஜ் வந்தார். அவர் வீட்டுக் கதவு கிறீச்சிடாது. அதையும் ஆட்டிப் பார்த்தாயிற்று. சாயங்காலம் வந்து பார்த்தால் சன்னல் அடைபடவில்லை. அதற்கு அழகான இரட்டைக் கதவு முளைத்திருந்தது. அறைக் கதவிலோ தாழ்ப்பாள் உள்பக்கம்.

"வெளியில பூட்டணும்யா! உள்ளுக்குத் தாழ்ப்பாள் போட்டா யாரு பூட்டுறது?"

சூசைராஜின் முகம் சுண்டிவிட்டது. "வெளியில பூட்டுறதா? அந்தப் பாவத்துக்கு நான் ஆளில்லைங்க." உளியைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்.

அண்டாவைப் பூட்டி வைப்பதில் என்ன பாவம் என்று சிவசாமிக்கு விளங்கவே இல்லை.

கூரைக்கு மூக்கன்தான் கிடைத்தான். அவன் வீட்டுக்குள் நின்று அண்ணாந்தால் வானம் தெரிந்தது.

"என்னப்பா இது?"

"ஊர்க் கூரையிலேயே கெடக்கேன். எங்கூரைக்கு ஏதுங்க நேரம்?"

பதில் பிடித்துப்போயிற்று. கீற்று நெருக்கமாகத்தான் வேய்ந்தான். ஆனால் மூலையில் சாணம் மெழுகி ஓர் அடுப்பு உட்கார்ந்திருந்தது.

"அடுப்பு யாரு கேட்டா?"

"எம் பொண்டாட்டி வந்து போட்டுட்டுப் போனாளுங்க. மனசு கேக்கலையாம்."

ஊருக்கே கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டார். இனி இடிக்க நேரமில்லை. சாமானை மறைத்தால் போதும். அண்டாவும் விளக்கும் உள்ளே போயின. கட்டிலின் ஒரு பக்கத்தை அவரும் மறுபக்கத்தை மூக்கனுமாகத் தூக்கி அறைக்குள் இறக்கினார்கள்.

நிமிர்ந்தால், கொல்லைப் படலைத் திறந்துகொண்டு அமராவதி நின்றாள். பஸ் முன்னதாகவே வந்துவிட்டிருந்தது. கையில் ஒரு துணி மூட்டை.

"ஏம்மா, வாசல் வழியா வராம..."

அவள் அறைக்குள் போனாள். கட்டிலைத் தொட்டாள். சன்னலைத் திறந்து மூடினாள். அடுப்பைப் பார்த்தாள். தாழ்ப்பாளைப் போட்டு எடுத்தாள். மூட்டையைக் கட்டிலில் வைத்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வழி நெடுக இதே ரோசனைதாம்ப்பா, என்னய வீட்டுல சேத்துக்குவீங்களோ என்னவோன்னு. வீட்டுக்குள்ள இல்லாட்டியும், எனக்குன்னு தனியா ஒரு எடம் கட்டி வச்சிருக்கீங்களே, அது போதும்ப்பா."