சக்கரபாணி மெட்டு

"அந்த மீன்காரியை நிறுத்துங்க சம்பந்தி. உங்க மெட்டைத் திருடிக்கிட்டுப் போறா."

இப்படிக் கத்திக்கொண்டே தெய்வநாயகம் காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார். பேண்டு மாஸ்டர் சக்கரபாணியும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். பெண்ணைக் கொடுக்கப்போகிற இடம். சம்பந்தி ஓடினால் நாமும் ஓடத்தான் வேண்டும்.

முத்தியால்பேட்டைத் தெரு நடுவில் அங்கம்மாள் கூடையும் தலையுமாக நின்றாள். பிள்ளைச்சாவடியிலிருந்து தினமும் மீன் கொண்டு வருகிறவள். "வஞ்சிரம், வவ்வாலு, கெழங்கா மீனேய்" என்று அவள் இழுத்துக் கூவுகிற கூவல் இருக்கிறதே, அது அச்சு அசலாகச் சக்கரபாணி மெட்டு.

சக்கரபாணி மெட்டு என்றால் புதுச்சேரியில் தெரியாதவர் கிடையாது. கல்யாணப்பெண் காரை விட்டு இறங்கிப் பந்தலுக்குள் காலெடுத்து வைக்கும்போது, சக்கரபாணி கிளாரினெட்டில் ஊதுகிற மெட்டு அது. மூன்று மூன்றாக அசைந்து வரும். கேட்கிறவர்களுக்குத் தானாகக் கால் ஆடும். எங்கே பிடித்தீர்கள் என்று யாராவது கேட்டால், "எல்லாம் நம்ம சொந்தச் சரக்குதான்" என்று சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொள்வார். அந்த மெட்டில் மயங்கித்தான் தவளக்குப்பத்துத் தெய்வநாயகம், தன் மகன் குமாரவேலுக்குச் சக்கரபாணியின் மகள் சந்திரகலாவைக் கேட்டு வந்திருந்தார்.

தெய்வநாயகம் பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்தே ஓர் அவொக்காவிடம், அதாவது வக்கீலிடம், குமாஸ்தா. கோர்ட்டும் கட்சிக்காரனுமாகவே காலம் தள்ளியவர். பக்கத்து வீட்டு முருங்கைக்காய் தன் தோட்டத்தில் விழுந்தால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டதற்கு ஒரு கையெழுத்தும் கேட்கிற மனுஷர்.

"யாரைக் கேட்டு இந்த மெட்டுல மீன் விக்கிற?" என்றார் அங்கம்மாளிடம்.

"யாரை ஐயா கேக்கணும்? எங்கம்மா வீராயி கூவுனா, நானும் கூவறேன்."

"பொய் சொல்றா பாருங்க சம்பந்தி. ஒரு நோட்டீஸ் விடட்டுமா?"

சக்கரபாணிக்கும் வெகுநாளாக அந்தக் கோபம் உண்டு. தான் சாதகம் பண்ணுவதை வாசலில் நின்று கேட்டுத்தான் இவள் பிடித்துக்கொண்டாள் என்பது அவர் எண்ணம். ஆனாலும் சம்பந்தி எதிரில் பெரிய மனுஷனாக இருக்கவேண்டாமா? "பாவம், பொழைச்சிப் போவட்டும்" என்றார்.

"என்னா பெருந்தன்மை" என்று தெய்வநாயகம் உருகிப்போனார். "சரி, உள்ளூர்ல விட்டுடலாம். ஆனா பாரீசுல விட முடியாது."

"பாரீசுலயா?"

"போன வாரம் எங்க அவொக்கா வூட்டு ரேடியோவுல உங்க மெட்டு வந்திச்சி. பியானோ, பிடிலு எல்லாம் வச்சி வாசிக்கிறாங்க. லெபோன்னு ஒரு ஆளு போட்டதுன்னு பேரும் சொல்றான். எனக்கு ரத்தம் கொதிச்சிப்போச்சி."

சக்கரபாணிக்குக் கொதிக்கவில்லை. இருந்த சூடும் இறங்கிப்போனது. வாலிப வயதில், வெள்ளைக்காரத் தெருவில் ஒரு பங்களா மதிலோரம் நின்று, உள்ளே சுழன்ற கிராமபோன் தட்டிலிருந்து அவர் பொறுக்கிக்கொண்ட மெட்டு அது. யார் போட்டது என்று அன்றைக்கு அவருக்குத் தெரியாது. இன்றைக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க கவலையே படாதீங்க" என்றார் தெய்வநாயகம். "பிரெஞ்சுக் கொடி எறங்கி அஞ்சு வருஷம் ஆவுது, ரெண்டு தேசத்து ஒப்பந்தம் இன்னும் முழுசா முடியல. இங்க எந்தச் சட்டம் ஓடுதுன்னு சில நாள் எங்க அவொக்காவுக்கே புரியறதில்ல. ஆனா இந்த விஷயத்துல ரெண்டு தேசமும் ஒண்ணு. நம்ம ஆளு போட்ட மெட்டுக்கு அங்க காவல். அவங்க ஆளு போட்ட மெட்டுக்கு இங்க காவல். கடல் தாண்டித் திருடினாலும் மாட்டிக்குவான்."

"யாரு திருடினாலுமா?"

"யாரு திருடினாலும்."

சக்கரபாணி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். உண்மை தெரிந்தால் இந்த மனுஷர் சம்பந்தமே வேண்டாமென்று போய்விடுவார். உள்ளே சந்திரகலா, குமாரவேல் பேரைச் சொன்னாலே குடத்தைக் கீழே போடுகிற நிலையில் இருந்தாள்.

"சம்பந்தி, அது வந்து... நானா குடுத்ததுதான். ஒரு தொரை ஆசைப்பட்டுக் கேட்டாரு. எடுத்துக்கோன்னு சொல்லிட்டேன்."

"எழுத்துல குடுத்தீங்களா?"

"வாயாலதான்."

"அப்ப நம்பிக்கைத் துரோகமும் சேருது" என்று தெய்வநாயகம் கிளம்பினார். அன்றைக்கே பாரீசுக்குக் கடிதம் போனது. ஒரு குற்றத்துக்குப் பதில் இரண்டு குற்றம்.

பேண்டு செட்டில் சக்கரபாணியின் ரகசியம் தெரிந்தவன் பெரிய டிரம் அடிக்கிற பாவாடை ஒருவன்தான். அவன் ஒரு வழி சொன்னான். "மெட்டை மாத்திப்புடுங்க மாஸ்டரே. அப்புறம் எவன் வந்து இன்னா கேப்பான்?"

நல்ல யோசனையாகத்தான் பட்டது. முன்பாதியைப் பின்னால் போட்டு, நடுவில் கொஞ்சம் காவடிச்சிந்தை நுழைத்து, அடுத்த வாரம் ஒரு கல்யாணத்தில் ஊதினார்கள். பெண் காரிலிருந்து இறங்கவில்லை.

"என்னாம்மா, எறங்கு. நல்ல நேரம் போவுது" என்றார்கள்.

"எங்க அக்காவுக்கு வாசிச்ச மெட்டு வரட்டும், எறங்கறேன்" என்றாள் பெண். மாப்பிள்ளை வந்து கெஞ்சினான், மாமியார் வந்து மிரட்டினாள். அவள் கதவை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் சக்கரபாணி பழைய மெட்டையே ஊதினார். போதாக்குறைக்குக் கூட்டம் இன்னொரு தரம் ஊதச் சொன்னது.

சேதி தவளக்குப்பம் போய்ச் சேர்ந்தது. தெய்வநாயகம் கண் கலங்கிவிட்டார். "பாரு, அந்தத் திருடனுக்குப் பயந்து என் சம்பந்தி சொந்த மெட்டையே விட்டுட்டாரு" என்று ஊரெல்லாம் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் பாரீசுக்குத் தந்தியும் அடித்தார். பதில் வந்தது. லெபோன் நேரிலேயே புறப்பட்டு வருகிறார். கல்யாணத்தன்று புதுச்சேரியில் இருப்பார்.

"வசமா வந்து மாட்டறான்" என்றார் தெய்வநாயகம். "முகூர்த்தத்துக்கே வரச் சொல்லியிருக்கேன். சபை நடுவுல நீங்க ஊதுங்க. அவன் தலை குனியட்டும்."

சக்கரபாணிக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி கமலா, மகளைப் பிரியப்போகிற ஏக்கம் என்று நினைத்து இன்னொரு கரண்டி நெய் ஊற்றினாள்.

கல்யாணத்தன்று பெண் வீட்டார் பஸ்ஸில் தவளக்குப்பம் போனார்கள். தெருவே திரண்டு வந்தது. அங்கம்மாள்கூட மீன் கூடைக்கு லீவு விட்டுவிட்டுப் புதுப்புடவையில் வந்திருந்தாள். சக்கரபாணி யாரும் பார்க்காதபோது, கிளாரினெட்டுக்குச் சத்தம் கொடுக்கிற நாணல் துண்டான ரீடைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டார்.

பந்தல் வாசலில் பெண்ணின் கார் வந்து நின்றது. உள்ளே முன்வரிசையில் வெள்ளை சூட்டும் நரைத்த தாடியுமாக லெபோன். அவர் பக்கத்தில் தெய்வநாயகம், கோர்ட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் நிமிர்ந்து.

சக்கரபாணி கார் ஜன்னலருகே குனிந்தார். "கண்ணு, ரீடு உடைஞ்சிடுச்சி. இன்னிக்கு டிரம்மோட போவட்டும், இன்னா?"

சந்திரகலா மடியிலிருந்த பூப்பையைத் திறந்து ஒரு புது ரீடை எடுத்து நீட்டினாள். "உடையும்னு தெரியும்பா. அதான் மெட்ராஸ்லேர்ந்து ஒண்ணு வாங்கி வச்சிருந்தேன். ஊர்ல உள்ள பொண்ணுக்கெல்லாம் ஊதுனீங்க. எனக்கு எப்பப்பான்னு சின்னப் புள்ளையிலேருந்து கேட்டுக்கிட்டே இருந்தேன். இன்னிக்குதாம்பா."

பெற்றவன் என்ன செய்வான்? போகிற மானம் மகளுக்காகப் போகட்டும் என்று கிளாரினெட்டை வாயில் வைத்தார். அவர் ஆயுளில் அந்த மெட்டை அவ்வளவு நன்றாக ஊதியது கிடையாது. சந்திரகலா இறங்கி அசைந்து அசைந்து வந்தாள். குமாரவேல் மணையில் உட்கார்ந்தபடியே தலையாட்டினான்.

லெபோன் எழுந்தார். சக்கரபாணியை நோக்கி நேராக வந்தார். வந்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பொலபொலவென்று அழுதார். பிரெஞ்சில் என்னவோ சொன்னார். தெய்வநாயகம் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார்.

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி முசியே லெபோன் இங்கதான் உத்தியோகத்துல இருந்தாராம். கடற்கரையோரம் மாடி வூடு. காலையில பிடிலை வச்சிக்கிட்டுச் சும்மா ராவிக்கிட்டே இருப்பாராம், ஒண்ணும் அமையாதாம். அந்த நேரத்துல கீழ இருந்த தெருவுலேர்ந்து இந்த மெட்டு மெதந்து வருமாம். அதைக் கொண்டுபோயி பாரீசுல தன் பேருல போட்டுட்டாராம். 'நான் திருடன்'றாரு. என் லெட்டரைப் பார்த்ததிலேர்ந்து அவருக்கு ஒரு நிம்மதியும் இல்லையாம். உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்திருக்காரு சம்பந்தி."

சக்கரபாணிக்கு உச்சி குளிர்ந்தது. பயந்து பயந்து செத்ததெல்லாம் இதற்குத்தானா? மார்பு ஒரு சாண் விரிந்தது. "மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க" என்று லெபோன் தோளில் தட்டிக்கொடுத்தார். அத்தோடு விட்டிருக்கலாம். லெபோன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று கேட்டார்.

தெய்வநாயகத்தின் முகம் மாறியது. "கீழ தெருவுல பாடினது பொம்பளைக் குரலாச்சே, அது யாருன்னு கேக்கறாரு."

பாவாடை டிரம்முக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டான். சக்கரபாணியின் கண் கூட்டத்தில் அலைந்து அங்கம்மாள்மேல் போய் நின்றது. காலை நேரம், கடற்கரைத் தெரு, பெண் குரல். அடடே.

"வீராயி" என்றார். "நம்ம அங்கம்மாவோட அம்மா. அவ கூவுனது தொரைக்கு மாடியில கேட்டிச்சி, எனக்குத் தெருவுல கேட்டிச்சி. அவ்வளவுதான் சம்பந்தி." கிராமபோன் தட்டை அவர் அந்த நிமிஷமே மறந்துபோனார்.

"சொந்தச் சரக்குன்னு சொன்னீங்களே?"

"கிளாரினெட்டுல ஏத்துனது நான்தானே."

மணையில் குமாரவேல் பாதி எழுந்துவிட்டான். பந்தல் வாசலில் ஒரு காலை உள்ளே வைத்த சந்திரகலா, மறு காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். கமலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சட்டம் சட்டம்தான்" என்றார் தெய்வநாயகம் கடைசியில். "உரியவங்க அனுமதி இல்லாத மெட்டுல என் மருமக உள்ள வரக்கூடாது." திரும்பி, "அங்கம்மா, உங்க மெட்டை இங்க வாசிக்கச் சம்மதமா?" என்றார்.

"வாசிக்கட்டும் ஐயா, யாரு வேணாங்கறது? பொண்ணு எம்மா நேரம் ஒத்தைக் கால்ல நிக்கும்?"

பந்தலே சிரித்தது. தெய்வநாயகமும் சிரித்துவிட்டார். சக்கரபாணி மறுபடி ஊதினார், பாவாடை டிரம்மைப் பிளந்தான், குமாரவேல் தாலி கட்டினான். லெபோன் அட்சதை போட்டுவிட்டு, அழுதுகொண்டே நாற்காலியைப் பிடித்து ஆடினார்.

தாலி ஏறியதும் தெய்வநாயகம் ஒரு ரோஜா மாலையோடு வந்தார். லெபோன் ஒரு பக்கம், சக்கரபாணி ஒரு பக்கம் நிற்க, அங்கம்மாளை நடுவில் நிறுத்தி மாலையைப் போட்டார். "உன்னை நான் திருடின்னு சொன்னேன் தாயி, மன்னிச்சிடு. இனிமே பாரீசுலயும் உங்கம்மா பேருதான் சொல்லணும். முசியே ஒத்துக்கிட்டாரு."

அங்கம்மாள் லெபோனின் முகத்தை உற்று உற்றுப் பார்த்தாள். பிறகு மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டாள்.

"எங்கம்மா சும்மா 'மீனேய் மீனு'ன்னுதான் ஐயா கத்திக்கினு இருந்தா. மாடியில இந்தத் தொரை பிடில்ல ராவற மாதிரியே இழுத்துக் கூவுனாத்தான் ஜன்னலைத் தொறந்து மீனு வாங்குவாருன்னு, அப்புறம்தான் அவ இதைப் புடிச்சா."