டத்தோ மலையில் கப்பல் பார்த்த கதை

இருபது வயதில் ஒருவனால் எதை வேண்டுமானாலும் சொல்ல முடியும், "எனக்குத் தெரியாது" என்பதைத் தவிர. நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைத்திருந்தால் என் முகம் பூசணிக்காயாக வீங்கியிருக்காது. என் வீட்டுக்குள்ளேயே என்னைக் கேலி செய்ய ஒரு கூட்டமும் சேர்ந்திருக்காது. (கல்யாணம் ஆகியிருக்குமா என்பது வேறு விஷயம்.)

ஜப்பான்காரன் காலத்தின் கடைசி வருடம் அது. எங்கள் ரப்பர் தோட்டம் மலாய் நாட்டில், ரெம்பாவ் பக்கம். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய் மூன்று வருடமாகிவிட்டது. பால்மரப் பட்டையை வெட்டிப் பால் எடுக்கும் வேலை பாதிக்கு மேல் நின்றுபோய், மரங்களுக்கு நடுவில் மரவள்ளி நட்டு, அதையே காலையும் மாலையும் தின்றுகொண்டிருந்தோம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மூன்றாவது அஞ்சலையுடையது. அவளுடைய அப்பாவைச் சயாமில் ரயில் பாதை போடுவதற்கென்று லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இரண்டு வருடம். இருக்கிறாரா இல்லையா என்று ஒரு தகவலும் கிடையாது. அப்பா வந்து சேரும்வரை தன் வீட்டில் எந்த நல்ல காரியமும் இல்லை என்று அஞ்சலை சொல்லிவிட்டாள். அந்த நல்ல காரியத்தில் அடியேனும் அடக்கம்.

அப்போதுதான் போர்ட்டிக்சன் கடலில் வெள்ளைக்காரன் கப்பல் வந்து நிற்கிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் பார்த்தது என்று கேட்டால் ஒருவரும் பார்க்கவில்லை. குழாயடியில் அஞ்சலை என்னிடம் கேட்டாள்.

"நெசமா இருக்குமா? கப்பல் வந்துட்டா எங்கப்பாவ விட்டுருவாங்கதான?"

அவள் என்னிடம் வலிய வந்து பேசியது அதுதான் முதல் தடவை. "தெரியலை" என்று சொல்ல எனக்குப் பைத்தியமா?

"டத்தோ மல உச்சியில ஏறுனா கடலு தெரியும். நான் போயி என் கண்ணால பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

"வழி தெரியுமா?"

"தொரையோட போயிருக்கேன்லா."

அது பொய்யில்லை. துரை மலை ஏறப் போனபோது மூட்டை தூக்கிக்கொண்டு நானும் போனேன். முதல் ஓடையைத் தாண்டும்போது துரையின் பூட்ஸ் நனைந்துவிட்டது. அவர் வேறு பூட்ஸ் மாட்டிக்கொண்டு, நனைந்ததை வெயிலில் காயவைத்துக் காவல் இருக்கும்படி என்னை அங்கேயே உட்காரவைத்துவிட்டார். அவர் ஏறி இறங்கி வரும்வரை ஓடையில் காலை விட்டுக்கொண்டு தூங்கினேன். டத்தோ மலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஓடையும் அந்த பூட்ஸும்தான்.

துணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் வீராசாமி, எனக்குப் பக்கத்து நிரையில், அதாவது மர வரிசையில், பால் வெட்டுகிறவன். அவித்த கிழங்கு கட்டிக்கொண்டு போகிறோம் என்றால் அவன் எங்கே வேண்டுமானாலும் வருவான். இன்னொருவன் தம்பையா, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியாரின் மகன், யாழ்ப்பாணத்துக் குடும்பம். பள்ளிக்கூடம் மூடிவிட்டதால் வீட்டில் சும்மா இருந்தான். எதையும் சந்தேகப்படுவது அவனுக்குப் பிறவிக் குணம். எங்களை வேலை வாங்கும் தண்டலிடம் பிரம்பு வெட்டப் போகிறோம் என்று சொல்லிவிட்டு விடியற்காலையில் கிளம்பினோம்.

ஓடை வரைக்கும் நான் ராஜா மாதிரி முன்னால் நடந்தேன். ஓடையைத் தாண்டியதும் பாதை காணாமல் போய்விட்டது.

"உமக்கு வழி தெரியும்தானே?" என்றான் தம்பையா.

"உச்சின்னா மேலதான இருக்கும்" என்று சொல்லி, இருப்பதிலேயே செங்குத்தான பக்கத்தைக் காட்டினேன்.

வேரைப் பிடித்து, பாறையைப் பிடித்து, சில இடங்களில் வீராசாமியின் காலைப் பிடித்து ஏறினோம். அட்டைகள் ஒரு பக்கம் விருந்து நடத்திக்கொண்டிருந்தன. கொஞ்ச தூரம் போனதும் தம்பையா நின்றான். "திரும்பி வர அடையாளம் வேணும். மரத்தில வெட்டிக்கொண்டு போவம்" என்றான். நல்ல யோசனைதான். என் இடுப்பில் பால்வெட்டும் கத்தி இருந்தது. வேலையை என்னிடம் கொடுத்தார்கள். எல்லாக் கோளாறும் அங்கே ஆரம்பித்தது.

பன்னிரண்டு வயதிலிருந்து பால்மரம் வெட்டியவன் நான். பத்தடிக்கு ஒரு மரத்தில் அடையாளம் வைத்தால் போதும் என்பது புத்திக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. ஒரு மரத்தை வெட்டிவிட்டுப் பக்கத்து மரத்தைச் சும்மா விட்டால் தண்டல் வந்து திட்டுவார் என்று அதற்குப் பயம். இடப்பக்கம், வலப்பக்கம், முன்னால், பின்னால் என்று எட்டின மரத்தையெல்லாம், ஒரே உயரத்தில், ஒரே சரிவில், உள்மரம் காயப்படாமல் அழகாக வெட்டிக்கொண்டே போனேன். திரும்பிப் பார்த்தபோது காடு முழுக்க என் கைவேலை. அதில் எந்தப் பக்கமிருந்து வந்தோம் என்று கடவுளுக்கும் தெரிந்திருக்காது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. நிரை வெட்டுகிறவன் கடைசி மரம் வரை போய், வளைந்து, முதல் மரத்துக்கே திரும்பி வருவான். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் சேர்ந்த பாலை எடுக்க வேண்டுமே. என் காலும் அந்தப் பழக்கத்தை மலையிலும் விடவில்லை. பொழுது சாயும் நேரத்தில் ஒரு பெரிய மரத்தின் முன்னால் வந்து நின்றோம். அதில் ஏற்கெனவே என் வெட்டு இருந்தது.

"டேய், இது நீ காலையில வெட்டுன மரம்டா" என்றான் வீராசாமி. "பாலு பாரு, கறுப்பா ஒழுகுது."

வழி தவறியதை மறைக்க எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. மரத்தின் அருகில் போய், பெரிய நிபுணன் போல அந்தக் கறுப்புப் பாலை விரலில் தொட்டேன். தேய்த்தேன். முகர்ந்தேன்.

"ஏன் காணும் அதைத் தொடுறீர்?" என்றான் தம்பையா.

"பாலப் பத்திக் கிராணி வீட்டுப் புள்ள எனக்குச் சொல்றியா? கெட்டிப் பாலுடா இது" என்று சொல்லி, அதே கையால் முகத்து வேர்வையை வழித்துவிட்டேன். நன்றாக அழுத்தி, இரண்டு கண்ணையும் சேர்த்து.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு பாறையின் அடியில் ஒடுங்கி, மிச்சக் கிழங்கைத் தின்றுவிட்டுப் படுத்தோம். காலையில் வீராசாமியின் குரல் கேட்டது.

"யாருடா நீ?"

வீங்கிய உதட்டால் என் பேரைச் சொன்னேன். கண் இரண்டும் ஒட்டிக்கொண்டு முகமே இட்லிப் பானை மாதிரி உப்பியிருந்தது. நெருப்பில் காட்டியதுபோல் எரிச்சல். தம்பையா சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சொன்னான், "உச்சி இந்தா, கூப்பிடு தூரத்தில இருக்குது. நேத்து முழுக்க அதைச் சுத்தித்தான் நடந்திருக்கிறம்."

"இம்புட்டு தூரம் வந்துட்டுப் பாக்காம போறதா? என்னை ஏத்தி விடுங்கடா" என்றேன்.

"நீ எதவச்சுடா பாக்கப்போற?" என்றான் வீராசாமி. கேட்டானே தவிர, அவன் மேலிருந்து இழுத்தான், தம்பையா கீழிருந்து தள்ளினான். டத்தோ மலையின் உச்சிப் பாறைகளில் ஒரு நெல் மூட்டை ஏறியது போல நான் ஏறினேன். அன்றைக்கு அவர்கள் என்னை விட்டுவிட்டுப் போயிருந்தால் குற்றம் சொல்ல முடியாது. இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

மேலே நல்ல காற்று. "என்னா தெரியுது?" என்று கேட்டேன்.

"மேகம்."

காத்திருந்தோம். அரை மணி நேரம் கழித்து வீராசாமி, "கடலு தெரியுதுடா" என்றான்.

"கப்பலு?"

வீராசாமி என் தோளில் கை வைத்தான். பிறகு தம்பையா மெதுவாகச் சொன்னான். "வடிவாப் பாத்தனான். ஒண்டும் இல்லை. தண்ணி மட்டும்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. திறக்காத கண்ணால் அழுவது எவ்வளவு எரியும் என்று அழுது பார்த்தவனுக்குத்தான் தெரியும். குழாயடியில் அவள் நிற்பதும், நான் போய் இல்லை என்று சொல்வதும்தான் மனதில் ஓடியது.

இறங்கும்போது தம்பையா ஒரு நீரோட்டத்தைக் கண்டுபிடித்து அதை ஒட்டியே கூட்டிப்போனான். "தண்ணி கீழதான் போகும். உம்மைப் போலச் சுத்தாது" என்றான். அடிவாரத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், பாக் டின் என்ற மலாய்க்காரர் என் முகத்தைப் பார்த்ததுமே "ரெங்காஸ்" என்றார். அந்த மரத்தின் பால் பட்டால் தோல் வெந்துபோகுமாம். மழைக்குக்கூட அவர்கள் அதன் அடியில் ஒதுங்க மாட்டார்களாம். "சியாப்பா சுரோ போத்தோங்?" என்று கேட்டார். யார் உன்னை வெட்டச் சொன்னது என்று அர்த்தம். தம்பையாவும் வீராசாமியும் சிரிக்க ஆரம்பித்து லயம் வரும்வரை நிறுத்தவில்லை.

வழியிலேயே நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அஞ்சலையின் குரல் அவள் வீட்டு வாசலில் கேட்டதும் முந்திக்கொண்டேன்.

"பாத்துட்டேன் அஞ்சல. கப்பல் நிக்கிது. மூணு. பெருசு பெருசா."

அவள் கிட்டே வந்து குனிவது வளையல் சத்தத்தில் தெரிந்தது. பிறகு அவள் கேட்டாள்.

"எந்தக் கண்ணால?"

வீராசாமி தரையில் உட்கார்ந்துவிட்டான். அடுத்து ஒரு சிரிப்புச் சத்தம். அவள் அப்பா லாரியில் ஏறிய பிறகு அந்த வீட்டில் யாரும் கேட்காத சத்தம் அது. சிரித்து முடித்துவிட்டு, "நெசத்தச் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். கடல் தெரிந்தது, கப்பல் இல்லை. அவள் எழுந்து போய், மரவள்ளி மாவைக் கரைத்து வந்து என் முகத்தில் பூசினாள்.

"கடலு அங்கதான இருக்கு. வரட்டும்" என்றாள்.

என் முகத்துத் தோல் உரிந்து புதுத்தோல் வந்த சில வாரங்களில் ஜப்பான்காரன் தோற்றான். கப்பல்களும் வந்தன. (மூன்றுக்கு மேலேயே வந்தன என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.) சயாம் போனவர்களில் திரும்பியவர்கள் கொஞ்சம் பேர்தான். பல மாதம் கழித்து, ரயில் மாறி ரயில் மாறி, எலும்பும் தோலுமாக ஒருவர் லயத்து வாசலில் வந்து நின்றார். அஞ்சலையின் அப்பா. அவரைப் பார்த்து நாங்கள் எல்லோரும் அழுதோம். அவர் உடம்பு தேறி முதலில் விசாரித்தது என்னைத்தான். "கண்ணு தெரியாமலே மல ஏறுனவன் எவன்டா?"

அடுத்த தை மாதம் கல்யாணம். இப்போது செனாவாங்கில் மகன் வீட்டில் இருக்கிறோம். இந்த வீட்டில் நான் எதையும் பார்த்ததாகச் சொல்ல முடியாது. கேட்டைப் பூட்டியதைப் பார்த்தேன் என்றால் மருமகள் கேட்கிறாள், "எந்தக் கண்ணால மாமா?" கார்ட்டூன் பார்க்கும் பேரன்கூடக் கேட்கிறான்.

போன மாதம் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். மறுநாள் டாக்டர் கட்டைப் பிரித்து, மெதுவாகத் திறந்து, என்ன தெரிகிறது என்று கேட்டார். எதிரே அஞ்சலை நின்றாள். நரைத்த தலை, மூக்குத்தி, என் மாத்திரைப் பை. எல்லாமே பளிச்சென்று தெரிந்தது. 

"என் பொண்டாட்டி தெரியிறா டாக்டர். அழகா இருக்கா" என்றேன்.

அஞ்சலை என் கட்டுப் பிரித்த கண்ணையும் புரை மூடிய கண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எந்தக் கண்ணால?" என்றாள்.