எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் ஒரு சொற்பொழிவு

சும்மா படுத்திருக்கத் தெரியாத மனிதன் உலகத்தில் எங்கும் இருக்க முடியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதுவும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அந்தத் துறையில் எனக்கு நல்ல பெயர் உண்டு (என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள், ஆனால் உட்கார்ந்துகொண்டு கேளுங்கள், பதில் நீளும்). அதனால் டாக்டர், "ஊசி இல்ல, கத்தி இல்ல, துளி வலி இல்ல. அசையாம படுத்திருந்தா போதும், மிஷினே முதுகுக்கு உள்ள வரைக்கும் படம் எடுத்துடும்" என்று சொன்னபோது, எனக்காகவே கண்டுபிடித்த பரிசோதனை என்று மகிழ்ந்துபோனேன்.

நான் கோட்டுச்சேரியில் கணக்கு வாத்தியார். எனக்கு இடுப்பு வலி வந்து பல வருஷம் ஆகிறது. கீழே விழுந்த சாக்பீஸை எடுக்கக் குனிந்தால், நிமிர்வதற்குள் பின் பெஞ்சில் பாதி வகுப்பு தூங்கிவிடும். தைலம், ஒத்தடம், பெல்ட், சுரக்குடியில் ஒருவர் எண்ணெய் போட்டு நீவியது, எல்லாம் ஆயிற்று. வலி மட்டும் மாறுதல் உத்தரவு வராத அரசு ஊழியர் மாதிரி அங்கேயே இருந்தது.

இந்த நேரத்தில்தான் என் மைத்துனன் குணா, வளைகுடா வேலையை விட்டுவிட்டு வந்து, காரைக்காலில் மெத்தைக் கடை திறந்தான். என் மனைவி சாந்திக்கு ஒரே தம்பி. திறப்பு விழா அன்று குத்துவிளக்கு ஏற்றி முடித்ததும், வந்தவர்கள் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மொத மெத்தை விக்கிறதுக்கு இல்லீங்க. எங்க அத்தானுக்கு. முதுகு வலியில ரொம்ப கஷ்டப்படறாங்க" என்றான். அன்று சாயங்காலமே மெத்தை வீட்டுக்கு வந்துவிட்டது. அவனே கட்டிலில் போட்டு, நாலு மூலையையும் இழுத்துவிட்டு, என்னைப் படுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

நல்ல மெத்தை. இதை இப்போது சொல்கிறேன். அப்போது சொல்லவில்லை. வலி தீராத மனிதனுக்கு ஒரு குற்றவாளி வேண்டியிருக்கிறது. வலி மெத்தையைவிடப் பல வருஷம் மூத்தது என்பதை மறந்துவிட்டு, காலையில் எழுந்ததும் மெத்தையைத் திட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். சாந்தி ஒவ்வொரு முறையும், "தம்பி காதுல விழுந்துடப் போவுது. ஆசையா குடுத்திருக்கான்" என்று என் வாயை அடைப்பாள். குணா வந்து "மெத்தை எப்படியிருக்கு அத்தான்?" என்று கேட்டால் "அட்டகாசம்" என்பேன். பயல் முகம் மலர்ந்து போவான்.

ஸ்கேன் எடுக்கும் நாளில் குணாதான் கடையைப் பூட்டிவிட்டுக் காரில் எங்களை அழைத்துப்போனான். அந்த ஸ்கேன் சென்டரின் பெயர் வேண்டாம். அவர்கள்மேல் எந்தத் தப்பும் இல்லை. மிஷினில் இருக்கும் காந்தம் இழுக்கும் என்பதால் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்றார்கள். வாட்ச், பெல்ட், வெள்ளி அரைஞாண் எல்லாம் கழன்றன. கல்யாண மோதிரம் மட்டும் கழலவில்லை. தாலி கட்டும்போது இருந்த விரல் அல்ல அது. குணா என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், விரலில் சோப்புப் போட்டு, வலிக்காமல் திருகித் திருகிக் கழற்றினான். கழற்றியதைக் கழுவித் துடைத்துத் தன் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டான். என் மூக்குக் கண்ணாடியும் அவனிடம்தான் இருந்தது.

டெக்னீஷியன் ஒரு இளைஞர், புதிதாகக் கல்யாணம் ஆனவர். எனக்குப் பச்சை அங்கி மாட்டி முடிப்பதற்குள் குணா அவருக்குக் கிட்டத்தட்ட ஒரு டபுள் காட் மெத்தையை விற்றுவிட்டான். "வேற யாரையும் கேக்க வேணாம் சார். எங்க அத்தான் அதுலதான் படுக்கறாங்க, அவங்களையே கேளுங்க." டெக்னீஷியன் என்னைப் பார்த்தார். "அட்டகாசம்" என்றேன். அதோடாவது நிறுத்தியிருக்கலாம்.

பலகையில் படுக்கவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்தார். "ரொம்ப முடியலைன்னா இதை அமுக்குங்க சார், உடனே வந்துடுவேன். அதுவரைக்கும் அசையக்கூடாது." பலகை என்னைத் தூக்கி ஒரு குழாய்க்குள் செருகியது. மூக்குக்கு மேலே சாண் தூரத்தில் கூரை. அறைக் கதவு சாத்தப்பட்டது.

அப்புறம் அந்தச் சத்தம். முதலில் யாரோ கதவைத் தட்டுவது மாதிரி இருந்தது. பிறகு கதவை உடைப்பது மாதிரி. பிறகு எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் போட ரோட்டைத் தோண்டினார்களே, அந்த மிஷினை நேராக என் மண்டைக்குள் இறக்கிய மாதிரி. வியர்த்துக் கொட்டியது. பந்தை அமுக்கலாமா என்று நினைத்தேன். மைத்துனன் வெளியே நிற்கிறானே, அவன் முன்னால் பயந்து வெளியே வருவதா? (மானம்! அன்றைக்கு அதை எவ்வளவு நன்றாகக் காப்பாற்றினேன் என்று பாருங்கள்.)

பயம் வந்தால் நான் பேசுவேன். வாத்தியார் தொழிலில் வந்த வியாதி. சத்தத்தை மீறி உரக்கப் பேச ஆரம்பித்தேன். மூடிய குழாய்க்குள் யார் கேட்கப் போகிறார்கள்? டாக்டரைத் திட்டினேன். எண்ணெய் போட்டு நீவியவரைத் திட்டினேன். திட்டத் திட்டப் பயம் குறைந்தது. அடுத்து மெத்தைக்கு வந்தேன்.

"எல்லாம் அந்த மெத்தையால வந்த வினை! மெத்தையா அது? சேத்துல கால் வச்ச மாதிரி ராத்திரி பூரா உள்ள இறங்கிக்கிட்டே இருக்கேன்..."

இந்த இடத்தில் மிஷின் சத்தம் நின்றது. ஒரு படம் முடிந்து அடுத்த படம் தொடங்குவதற்கு முன் வரும் இடைவெளி அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். மிஷின் நின்றது. நான் நிற்கவில்லை. வகுப்பு அமைதியாகிவிட்டால் வாத்தியாருக்கு இன்னும் உற்சாகம்தானே?

"கடை திறந்த அன்னிக்கே விக்காத சரக்கை எடுத்து என் தலையில கட்டிட்டான்! அக்கா புருஷன்னா அவ்வளவு இளிச்சவாயனா?"

கடை திறந்த அன்றே விற்காத சரக்கு எப்படி இருக்க முடியும் என்ற சின்னக் கணக்கு, இந்தக் கணக்கு வாத்தியாருக்கு அப்போது வரவில்லை.

ஹெட்போனில் டெக்னீஷியன் குரல், மிகவும் மரியாதையாக: "சார், பேசாதீங்க. அசைஞ்சா படம் கலங்கிடும்." ஒரு கனைப்பு. "அப்பறம் சார்... உள்ள பேசறது இங்க ஸ்பீக்கர்ல கேக்குது."

"எல்லாமா?"

"எல்லாம் சார்."

"அங்க யாரு இருக்கா?"

பதிலாகச் சத்தம் மறுபடி தொடங்கியது. கலங்கிப்போன படங்களை முதலிலிருந்து எடுத்தார்கள். நான் அசையவில்லை. அவ்வளவு அசையாமல் என் வாழ்நாளில் நான் படுத்ததில்லை. எனக்கு அந்தக் குழாயைவிட்டு வெளியே வரவே மனமில்லை.

வெளியே வந்தபோது, டெக்னீஷியன் கம்ப்யூட்டரை அளவுக்கு அதிகமான அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். சாந்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். குணா என்னிடம் வந்தான். முதலில் கண்ணாடியைக் கொடுத்தான். வாட்சைக் கொடுத்தான். சட்டைப் பையிலிருந்து மோதிரத்தை எடுத்து, ஈரம் இருக்கிறதா என்று பார்த்து, என் விரலில் அவனே போட்டுவிட்டான்.

"சொல்லியிருக்கலாமே அத்தான்" என்றான். "மாத்திக் குடுத்திருப்பேனே."

அவ்வளவுதான். கோபித்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். டெக்னீஷியன் மட்டும் குணாவிடம், "மெத்தை பத்தி வீட்ல கேட்டுட்டுச் சொல்றேண்ணே" என்றார். அவர் வீட்டில் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார் என்பது அங்கே இருந்த நாலு பேருக்கும் தெரியும்.

ரிப்போர்ட் வந்தது. இடுப்புப் பக்கம் ஒரு டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். "ஆனா இந்த வயசுல வலியே இல்லாதவங்களுக்கும் இப்படி இருக்கும் சார். படத்துல தெரியறது எல்லாம் வலிக்குக் காரணம்னு சொல்ல முடியாது. ஆபரேஷன் வேணாம். எடையைக் குறைங்க, நடங்க, பிசியோதெரபி பண்ணுங்க."

"மெத்தை டாக்டர்?" என்று கேட்டேன். கடைசி நம்பிக்கை.

"என்ன மெத்தை?"

விவரம் சொன்னேன். "அது நல்ல மெத்தைதானே, அதையே போட்டுப் படுங்க" என்றார்.

படுத்திருப்பேன். ஆனால் அதற்குள் குணா வேன் அனுப்பி எடுத்துப்போய்விட்டான். வேறு மெத்தை கொண்டுவந்து போடுகிறேன் என்றான். சாந்தி வெட்கப்பட்டுக்கொண்டு வேண்டாம் என்றுவிட்டாள். நான் பாயில் படுத்து, காலையில் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். திட்டுவதற்கு இப்போது பாய்தான் இருந்தது. பாயை யாரும் ஆசையாகக் கொடுக்கவில்லை என்பதால் அதைத் திட்டுவதில் ருசியில்லை.

ஈடு செய்ய வேண்டும் என்று ஒருநாள் கடைக்குப் போனேன். ஒரு குடும்பம் மெத்தை பார்த்துக்கொண்டிருந்தது. நல்ல தருணம் என்று நினைத்து, ஒரு மெத்தையில் தடாலென்று படுத்து, "ஆகா! என்னா மெத்தை! என் முதுகு வலியே போயிடுச்சு!" என்று கூவினேன். எழுந்திருக்க முடியாமல் முதுகு அங்கேயே பிடித்துக்கொண்டது. குணாவும் மெத்தை பார்க்க வந்தவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். அந்தக் குடும்பம் மெல்ல நழுவிவிட்டது. குணா டீ வாங்கிக் கொடுத்தான். "மன்னிச்சுக்கடா" என்றேன். "அட விடுங்க அத்தான், முதுகைப் பாருங்க" என்றான். அன்றைக்கும் அவன் கோபித்துக்கொள்ளவில்லை.

இப்போது நடக்கிறேன், பிசியோதெரபி செய்கிறேன். வலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. குணாவின் கடையும் நன்றாகத்தான் நடக்கிறது. குடும்பத்தில் எந்த விசேஷமானாலும், மண்டபத்தில் மைக்கைத் தட்டிப் பார்க்கும்போது யாராவது ஒருவர், "அத்தான் எங்க இருக்காங்கன்னு பாத்துக்குங்கப்பா" என்பார்கள். சிரிப்பு அடங்க நேரமாகும். என் மகள்கூட அதைத் தன் தோழிகளிடம் நடித்துக் காட்டுகிறாள். நானும் சிரிப்பேன்.

போன தீபாவளிக்குக் குணா எனக்குச் சட்டை எடுத்து வந்தான். முன்பெல்லாம் அவன் கொண்டுவந்ததைக் கையில் கொடுத்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவான். இந்த முறை பையைப் பிரிக்காமலே நின்றான். "புடிக்கலன்னா இப்பவே சொல்லிடுங்க அத்தான். பில் இருக்கு, மாத்திடலாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சட்டையை எடுத்துப் பார்த்தேன். கடல் நீலம். நிஜமாகவே நன்றாக இருந்தது.

"ரொம்ப நல்லாயிருக்கு குணா" என்றேன்.

அவன் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு சாந்தி பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக் கேட்டான்:

"நெசமாவாக்கா?"